பாலத்தில் ரிப்பேர் வேலை

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலையில் மட்டும் அல்போன்ஸ் வீட்டுக்கு நெருப்பு வாங்க நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேர் வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. கொட்டாங்கச்சியை நீட்டியபடி வாசலில் நின்றவர்களின் கண் உள்ளே மேய்ந்தது. மூலையில் மூட்டை கட்டிக் கிடக்கிறதா, பாய் சுருட்டியிருக்கிறதா, பானைகள் அடுக்கிலிருந்து இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, நெருப்பை வாங்கியும் வாங்காமலும் போனார்கள்.

இரண்டாவது ஆள் வந்தபோதே அல்போன்சின் மருமகள் மர்சலினுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்கு நிறைமாதம். குனிந்து அடுப்பில் கை வைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் இடுக்கியால் ஒரு கங்கு எடுத்துப் போட்டுவிட்டு, கதவை அகலமாகத் திறந்தே வைத்தாள். பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

1942-ஆம் வருஷம் அது. முந்தின நாள், ஈஸ்டர் அன்று, ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டிருந்தான். திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று மேலும் இரண்டு பெயர்கள் சேர்ந்துகொண்டன. அடுத்தது மதராஸ்தான் என்று பட்டணமே பேசியது. மயிலாப்பூரில் தெருத் தெருவாகப் பூட்டுத் தொங்கியது. எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் கூரையில்கூட இடமில்லை என்றார்கள்.

அடையாற்றுக்குத் தெற்கே, அல்போன்சின் ஊரான தரமணியில் நாற்பது வீடு. எல்லாரும் ஏரித் தண்ணீரிலும் கிணற்று இறைப்பிலும் கத்தரி, வெண்டை, கீரை போட்டு மயிலாப்பூர் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர்கள். ஓடிப்போக அவர்களுக்கு வேறு ஊர் கிடையாது. ஓடினாலும் நான்கே நாளில் செடி கருகிவிடும். பங்குனி வெயில் அப்படி. இருந்தால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. அதனால் ஊர் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அல்போன்சின் மகன் பவுல்சாமி பட்டாளத்தில் ஹவில்தார். மெடல் வாங்கியவன். இப்போது இருப்பதும் நடந்துபோகிற தூரத்தில், அடையாத்துப் பாலத்தில். ஆபத்து வந்தால் முதலில் தன் வீட்டுக்குத்தான் சொல்வான். அந்த வீடு கிளம்பினால் நாமும் கிளம்புவோம்.

பவுல்சாமி பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனவன். ஏரி இரண்டு வருஷம் நிரம்பவில்லை, வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று போனான். சாப்பர் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். சண்டை நடக்கிற இடத்தில் ரோடு போடுவது, பாலம் கட்டுவது, வேண்டாத பாலத்தை வெடி வைத்துத் தகர்ப்பது, எதிரி மண்ணுக்குள் புதைத்து வைத்த கண்ணிவெடியைக் கையால் தோண்டி எடுப்பது எல்லாம் அந்தப் பிரிவின் வேலை. போன வருஷம் ஆப்பிரிக்காவில், எரித்திரியா என்ற மலைநாட்டில், இத்தாலிக்காரன் புதைத்த வெடிகளை எடுத்ததற்காக மெடல் கொடுத்தார்கள். தொடையில் பாய்ந்த இரும்புச் சில்லும் கூடவே வந்தது. ஆடி மாதம் லீவில் வந்து ஒரு மாதம் இருந்தான். பிறகு பெங்களூர். மாசி மாதத்திலிருந்து அடையாத்துப் பாலத்தின் வடகரையில் கூடாரம். பன்னிரண்டு பேர், அவர்களுக்கு மேலே ஒரு சின்ன வயது வெள்ளைக்கார லெப்டினென்ட். பாலத்தின் பக்கவாட்டில் சாரம் கட்டி, தார்ப்பாய் தொங்கவிட்டு, ‘பாலம் ரிப்பேர்’ என்று போர்டு வைத்திருந்தார்கள். அல்போன்ஸ் தினமும் விடிகாலையில் காய் வண்டியோடு அந்தப் போர்டைத் தாண்டித்தான் போய்வந்தார். மகன் சாரத்தில் நின்றால் தலையை மட்டும் அசைப்பான்.

திங்கட்கிழமை மாலை பவுல்சாமி வீட்டுக்கு வந்தான். வண்டித்தடத்தில் சக்கரம் அழுத்திய பள்ளத்திலேயே கால் வைத்து, லேசாக நொண்டியபடி வந்தான். லீவில் வந்ததிலிருந்தே அவன் அப்படித்தான் நடக்கிறான் என்பதை மர்சலின் கவனித்திருந்தாள். புல் முளைத்த இடத்தில் அவன் கால் படவே படாது. வரப்பில் இறங்கச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லுவான்.

தலையில் துண்டை இறுகக் கட்டியிருந்தான். கேழ்வரகுக் களியும் நெத்திலிக் கருவாடு போட்ட கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். இரண்டு உருண்டை விழுங்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டான். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரர் கருணாகரன் முன்னால் நின்றார். அல்போன்சும் அவரும் ஒரே கிணற்றில் முறை வைத்து ஏற்றம் இறைக்கிறவர்கள்.

“பவுலு, ஒரே ஒரு வார்த்த சொல்லு. போறதா, இருக்கறதா?”

“எனக்கு இன்னா மாமா தெரியும். நானு பாலத்துல சுண்ணாம்புக் காரை பேத்துகினு கீறவன்.”

“காரை பேக்கறவனுக்கா மெடல் குத்தி அனுப்சாங்க?”

யாரும் சிரிக்கவில்லை. கருணாகரன் கெஞ்சுகிற மாதிரி நின்றார். தனக்கு நான்கு பெண்கள், மூத்தது வயதுக்கு வந்தது, ஜப்பான்காரன் சிங்கப்பூரில் என்னவெல்லாம் செய்தான் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். பவுல்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு, மேலே இருக்கிறவர்கள் சொல்லாமல் தனக்கு ஒன்றும் தெரியாது என்றே திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் அல்போன்ஸ்தான் எழுந்து, பையன் களைத்து வந்திருக்கிறான் என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார். அவரும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

மர்சலின் புருஷன் எதிரில் மெதுவாகக் கையூன்றி உட்கார்ந்தாள்.

“தலவலி எப்பலேர்ந்து?”

“வெயிலு.”

“ஆடில வந்தப்ப நீதான சொன்ன, அந்த வெடிமருந்தக் கையால தொட்டா மண்ட பொளக்கும்னு. சுண்ணாம்பு கலக்கறவனுக்கு எதுக்கு மண்ட வலிக்குது?”

அவன் எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தான். ராயப்பேட்டையில் இருக்கிற அவள் அக்கா வீட்டுக்கு நாளைக்கே போய்விடு என்றான். ஆஸ்பத்திரியில் சொன்ன நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்றாள்.

“அக்கர போயிடு மே. அவ்ளோதான் நானு சொல்வேன்.”

அக்கரை என்றதும் அவளுக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. தார்ப்பாய், சாரம், தலைவலி. “பாலத்துக்கா வெச்சிகீறீங்க?” என்று கேட்க வாய் திறந்தவளின் வாயை அவன் உள்ளங்கையால் பொத்தினான். 

பிறகு அவள் காதோரம் சொன்னான். ஜப்பான்காரன் தெற்கே கடற்கரையில் எங்கேயாவது இறங்கினால் ஆற்றைத் தாண்டிப் பட்டணத்துக்குள் வராமல் இருக்க வேண்டும். மூன்று வளைவுகளில் குடைந்து மருந்து வைத்திருக்கிறது. உத்தரவு போனில் வரும். வந்த நிமிஷம் வெடிப்பெட்டியின் பிடியைத் திருக வேண்டும். திருகப் போகிறவன் அவன்தான். வெளியே சொன்னால் கோர்ட் மார்ஷல்.

“இக்கரைல கீறவங்க?”

“அத்த எனக்கு யாரும் சொல்லல.”

இரண்டு வருஷத்துக்கு முன், அவன் கப்பலேறிப் போயிருந்த சமயம், மர்சலினுக்கு முதல் பிரசவம் வீட்டிலேயே மூன்று நாள் இழுத்தது. குழந்தை தங்கவில்லை. வண்டியில் போட்டு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் அவளைப் பிழைக்கவைத்தார்கள். அடுத்ததுக்கு வலி கண்டதுமே இங்கே வந்துவிட வேண்டும் என்று அங்கிருந்த டாக்டரம்மா கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். தரமணியிலிருந்து ராயப்பேட்டைக்குப் போக அவர்களுக்குக் கிட்டத்து வழி அந்தப் பாலம் ஒன்றுதான். சைதாப்பேட்டையைச் சுற்றிக்கொண்டு போனால் மாட்டுவண்டிக்கு அரை நாள்.

அவள் யோசித்தாள். நாளைக் காலையில் தான் ஒரு மூட்டையோடு வண்டி ஏறினால் மத்தியானத்துக்குள் நாற்பது வீடும் காலியாகிவிடும். யார் சொல்லி ஓடினார்கள் என்று கேட்டால் பதில் இவனிடம் வந்து நிற்கும்.

“நானு போவல. வலி வந்தா போறேன். எல்லாரும் நம்ம வாசலியே பாத்துகினு கீறாங்க.”

“வலி வரச்சொல்ல பாலம் கீதோ இல்லியோ.”

“நீ மெடல் வாங்கனவன். நீயே இப்டி பயந்தா நானு இன்னா பண்ணுவேன்?”

அப்போதுதான் அவன் மெடலைப் பற்றிச் சொன்னான். ஆப்பிரிக்காவைப் பற்றி அதுவரை அவன் யாரிடமும் வாய் திறந்ததில்லை. மலைக் கணவாயில் ஒரு ரோடு. விக்டர் என்று பெங்களூர்ப் பையன், இவனோடு ஜோடி போட்டு வெடி எடுக்கிறவன். பகல் பதினோரு மணிக்கு விக்டர் ஒன்றைத் தூக்கினான். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அவ்வளவுதான். சில்லு பட்டு பவுல்சாமி விக்டர் பக்கத்திலேயே விழுந்தான்.

“மெடல்ல இன்னா எழுதிகீதுன்னு ஒனக்குத் தெரியுமா? அடிபட்டும் எடத்த வுட்டு நகராத வேல செஞ்சான்னு. நகர முடியல மே. கால எங்க வெச்சாலும் வெடிக்கும்னு பயம். எந்திரிக்கவும் பயம், படுத்துகினே இருக்கவும் பயம். படுத்தபடியே துப்பாக்கிக் கத்தியால சுத்திலும் குத்திக் குத்திப் பாத்தேன், ஒரு வெரலு அகலம், இன்னொரு வெரலு அகலம்னு. பட்டத எடுத்து எடுத்து வெச்சேன். சாயங்காலம் வந்து பாத்தாங்க. நாப்பத்தியொண்ணு எடுத்து வெச்சிகீறேன். ரோடு க்ளியரு. பக்கத்துல விக்டரு மேல ஈ மொச்சிகினு கீது. நானு அழுவக்கூட இல்ல. அதுக்குதான் மெடல் குத்துனாங்க.”

மர்சலின் அவன் தலைத்துண்டை அவிழ்த்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மறுபடி கட்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அல்போன்ஸ் மார்க்கெட்டிலிருந்து முக்கால் வண்டிக் கத்தரிக்காயைத் திருப்பிக் கொண்டுவந்தார். வாங்க ஆள் இல்லை என்றார். தெற்கு மாட வீதியில் ஒரு பெருமாள் மாடு மட்டும் நடுரோட்டில் படுத்திருந்ததாம். காயை மாட்டுக்குக் கொட்டிவிட்டு, மறுபடியும் ஏற்றம் மிதிக்கப் போய்விட்டார். விற்காவிட்டாலும் செடிக்குத் தண்ணீர் வேண்டும். கருணாகரன் கீழே நின்று தண்ணீர்ச் சால் பிடித்தார். இருவரும் வழக்கமாகப் பாட்டுப் பாடித்தான் எண்ணுவார்கள். அன்று வெறும் எண் மட்டும் கேட்டது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மர்சலினுக்குப் பனிக்குடம் உடைந்தது.

அல்போன்ஸ் வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே பாய் வளைத்துக் கூண்டு கட்டினார். பிள்ளைப்பேறு பார்த்துப் பழகிய முத்துலட்சுமி என்ற பக்கத்து வீட்டுப் பெண், கையில் இருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து ஏறினாள். பழைய துணி ஒரு மூட்டை, ஒரு பானைத் தண்ணீர், ஒரு பாய். ஊர் பார்த்தது அந்த மூட்டையைத்தான். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் இரண்டு வீட்டில் கோழியைப் பிடித்துக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். கருணாகரன் ஓடிவந்து வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லாத கொள்ளாத கெளம்பிட்டீங்களே. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“வலி கண்டுகீது, கையெடுய்யா” என்றாள் முத்துலட்சுமி. அவர் எட்டி உள்ளே பார்த்தார். மர்சலினின் முகத்தைப் பார்த்தும் அவர் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை. கை மட்டும் தளர்ந்தது.

வண்டி அடையாற்றை எட்டியபோது மணி பத்தாகிவிட்டது. பாலத்தின் தென்முனையில் நாயக் பதவியில் இருந்த ஷரஃபுதீன் காவல் நின்றான். பவுல்சாமியோடு எரித்திரியாவில் இருந்தவன், அல்போன்சைத் தெரியும். வண்டிக்குள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டதும் தடையை ஒதுக்கி, சீக்கிரம் போங்கள் என்று கை காட்டினான்.

வண்டி பாதிப் பாலத்தைக்கூட எட்டவில்லை. அபாயச் சங்கு ஊதியது.

ஒத்திகைச் சங்கு பல தடவை கேட்டதுதான். ஆனால் அன்று யாரும் ஒத்திகை என்று சொல்லியிருக்கவில்லை. மயிலாப்பூர்ப் பக்கம் ஒன்று ஆரம்பித்து, எங்கெங்கிருந்தோ மற்றவை சேர்ந்துகொண்டன. பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் தலையில் கூடையோடு ஓடினார்கள். சைக்கிள்காரன் ஒருவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். அல்போன்சின் இடது மாடு நின்றது. காதை மடக்கிக்கொண்டு, முன்னங்காலை மடித்து, நுகத்தோடு படுத்துவிட்டது. வண்டி முன்பக்கம் சாய்ந்து நின்றது. அல்போன்ஸ் அடித்தார், கயிற்றை இழுத்தார். அது எழுந்திருக்கவில்லை.

கூண்டுக்குள் மர்சலினுக்கு வலியின் நடுவிலும் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. பாயின் இடுக்கில் தார்ப்பாய் ஒன்றின் மேல்விளிம்பு தெரிந்தது. அவள் முத்துலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த நகக்குறி பத்து நாள் ஆறவில்லை என்று முத்துலட்சுமி பிற்பாடு காட்டுவாள். மாடு படுத்துவிட்டதே என்று மட்டும்தான் முத்துலட்சுமி பயந்தாள். கீழே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மர்சலினால் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் இவள் வண்டியிலிருந்து குதித்து ஓடிவிடுவாள், தனியாகத் தன்னால் பெற முடியாது என்று மர்சலின் பயந்தாள்.

வடகரையில் மணல்மூட்டை அடுக்கிய பள்ளத்தில் பவுல்சாமி இருந்தான். சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று தினம் இரண்டு தடவை பழகியிருந்தார்கள். பாலத்திலிருந்து வந்த இரண்டு கம்பிகளையும் பெட்டியில் மாட்டினான். பெட்டிக்கு ஒரு திருகுப்பிடி உண்டு. அது பெட்டியோடு இருக்காது. பொறுப்பாளியின் சட்டைப்பையில் இருக்கும். உத்தரவு வந்ததும் எடுத்துச் செருகி ஒரு திருகு. பத்தடி தள்ளிக் கூடாரத்தில் லெப்டினென்ட் டெலிபோனைக் காதில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தான். லைன் இரைச்சலாக இருந்தது.

பவுல்சாமி பாலத்தைப் பார்த்தான். சாய்ந்து நிற்கிற வண்டியைப் பார்த்தான். தலைப்பாகை அவிழ்ந்து தொங்க மாட்டை அடித்துக்கொண்டிருக்கிற அப்பாவைப் பார்த்தான். கூண்டு கட்டியிருந்ததிலேயே உள்ளே யார் என்று தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் தன் கையைப் பார்த்தான். அது சட்டைப்பைக்குள் போய், பிடியைப் பாதி வெளியே எடுத்திருந்தது. அவன் எடுக்கச் சொல்லவில்லை. சங்கு ஊதியதும் பழக்கத்தில் அதுவாகப் போயிருந்தது. ஜப்பான்காரனிடம் பயந்ததைவிட, கண்ணிவெடியிடம் பயந்ததைவிட, அந்தக் கையிடம் அவன் அதிகம் பயந்தான்.

பிடியைப் பைக்குள் தள்ளிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பள்ளத்திலிருந்து ஏறி ஓடினான். பின்னால் லெப்டினென்ட் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

பாலத்தில் இப்போது அந்த ஒரு வண்டிதான். ஓடிவந்த பவுல்சாமி அப்பாவிடம் எதுவும் பேசாமல் மாட்டின் பின்பக்கம் போனான். வாலைத் தூக்கி, அடியில் பல்லை வைத்து நறுக்கென்று கடித்தான். அவன் சின்னவனாக இருந்தபோது உழவில் படுத்த மாட்டை அல்போன்ஸ் அப்படித்தான் எழுப்புவார். மாடு உதறிக்கொண்டு எழுந்தது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நொண்டிக் காலோடு முன்னால் ஓடினான். கூண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. 

வடகரை ரோடு ஏறியதும் கயிற்றை அப்பா கையில் கொடுத்தான்.

“நிக்காத நைனா. திரும்பிப் பாக்காத போ.”

அல்போன்ஸ் மகனின் வாயோரம் ஒட்டியிருந்த மாட்டு மயிரைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டை விரட்டினார்.

ராயப்பேட்டை வரை போக முடியவில்லை. மந்தைவெளி தாண்டியதுமே, சங்கு ஊதியபின் ரோட்டில் வண்டி நிற்கக் கூடாது என்று விமானத் தாக்குதல் காவலுக்கு நின்ற வார்டன்கள் தடியோடு மறித்து ஒரு தெருவுக்குள் தள்ளிவிட்டார்கள். அந்தத் தெருவில் வரிசையாகப் பெரிய வீடுகள், வரிசையாகப் பூட்டு. முத்துலட்சுமி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனாள். ஆறாவது வீட்டில், பக்கவாட்டுச் சந்திலிருந்து அம்பி என்ற சமையல்காரர் எட்டிப் பார்த்தார். நடுத்தர வயது, ஒல்லி உடம்பு.

“ஆத்துல யாரும் இல்லை. எல்லாரும் கும்பகோணம் போயிட்டா. நான் ஒண்டிதான் காவலுக்கு இருக்கேன்” என்றார். முத்துலட்சுமி வண்டியைக் காட்டினாள். அவர் வண்டியையும் தெருவையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே விட அவருக்கு மனசு வரவில்லை. போகச் சொல்லவும் வாய் வரவில்லை. “மோட்டார் ஷெட்டு காலியா இருக்கு. வாங்கோ, சீக்கிரம். யாரானும் பாத்துடப் போறா” என்று சாவியை எடுத்துவந்தார்.

எண்ணெய்க் கறை படிந்த தரையில் வைக்கோலைப் போட்டு அங்கேதான் மர்சலின் பெற்றாள். அம்பி வெந்நீர் போட்டு வாசல் வரை கொண்டுவந்து வைத்தார். கிழிக்கத் துணி போதாமல், தன் துவைத்த வேட்டி ஒன்றையும் மடித்து வைத்துவிட்டுப் போனார். ஆபத்து நீங்கியதற்கான சங்கு ஊதியபோது குழந்தை பாதி வெளியே வந்திருந்தது. சங்கு ஓய்ந்த பிறகுதான் அழுதது. பெண். விமானம் எதுவும் வரவில்லை.

பாலத்தில் பவுல்சாமி லெப்டினென்ட் முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். தென்முனையிலிருந்து வந்த ஷரஃபுதீன், வயர் ஒன்று தளர்ந்திருந்தது, அதைச் சரிபார்க்க ஹவில்தார் போனார் என்று கேட்காமலே சொல்லியிருந்தான். பவுல்சாமி அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. வண்டியில் இருந்தது தன் மனைவி, அதனால் பெட்டியை விட்டுப் போனேன் என்று சொல்லிவிட்டான். தன்னைப் பிடித்து அடைத்துப் போடட்டும் என்று அவனுக்கு இருந்தது.

லெப்டினென்ட் ஷரஃபுதீனை வெளியே போகச் சொன்னான். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். சிகரெட்டைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆயிற்று. பாதி இங்கிலீஷ், பாதி பட்டாளத்து ஹிந்துஸ்தானி கலந்து மெதுவாகப் பேசினான். போனில் ஏதோ சொன்னார்கள், உத்தரவு வார்த்தை மாதிரியே காதில் விழுந்தது, என்றான். மறுபடி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். பிடியைத் தேடினேன். மூட்டைகளுக்கு அடியில், தரையில், எல்லா இடத்திலும் தேடினேன். அது உன் பையில் இருந்தது.

பவுல்சாமிக்கு அவன் சொன்னது உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பையைத் தொட்டுப் பார்த்தான். லெப்டினென்ட் டயரியை இழுத்து, ஹவில்தார் வயர் சோதிக்கப் பாலத்துக்குப் போனான், விதிப்படி பிடி அவனிடம் இருந்தது என்று எழுதினான். எழுதியதைப் படித்தும் காட்டினான். 

அல்போன்ஸ் வந்து இடம் சொன்னதும், பொழுது இருக்கும்போதே ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பவுல்சாமி ஷெட்டுக்கு வந்தான். குழந்தையைப் பார்த்தான், தொடவில்லை. முத்துலட்சுமி கஞ்சிக்கு நொய் கேட்கப் போனதும் மர்சலின் கேட்டாள்.

“உத்தரவு வந்திருந்தா?”

“தெரியல.”

“நானு உள்ள கீறேன்னு தெரிஞ்சுமா?”

“தெரியல மே. பிடிய ஆத்துல தூக்கிப் போட்டிருப்பேன்னு சொல்லணும்னுதான் கீது. பொய் சொன்னா ஒனக்குத் தெரிஞ்சிடும்.”

பிறகு லெப்டினென்ட் சொன்னதையும் சொன்னான். சொல்லியிருக்க வேண்டாமோ என்று சொல்லி முடித்ததும் தோன்றியது. அவள் முகத்தில் வலியின் போதுகூட அவன் அப்படி ஒரு பயத்தைப் பார்த்ததில்லை. வெகுநேரம் கழித்துக் குழந்தையை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

அந்தப் புதன்கிழமையே தரமணியில் பதினோரு வீடு காலியாகிவிட்டது. கருணாகரனும் நான்கு பெண்களோடு வேலூர்ப் பக்கம் போய்விட்டார். ஆடியில் அவர்கள் திரும்பி வந்தபோது மற்றவர்களின் செடியெல்லாம் கருகிக் கிடந்தது. கருணாகரன் நிலத்துக்கு மட்டும் அல்போன்ஸ் முடிந்தவரை இறைத்து வைத்திருந்தார். அதே ஆடியில்தான் பாலத்து மருந்தை எடுத்து, துளைகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசினார்கள். ஐப்பசியில் பவுல்சாமியை அஸ்ஸாமுக்கு அனுப்பினார்கள். நான்கு வருஷம் கழித்து முழுசாகத் திரும்பி வந்தான். இன்னொரு மெடல் எதுவும் இல்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை, மருந்து இன்னும் வளைவுகளில்தான் இருந்தது. குழந்தை பிறந்த நான்காம் நாள். வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்று அம்பி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஏற்றம் மிதிக்கத் தான் ஊரில் இல்லாமல் செடி வாடியிருக்கும் என்று அல்போன்ஸ் தவித்தார். ராயப்பேட்டை அக்கா வீட்டுக்கே போய்விடலாமா என்று முத்துலட்சுமி கேட்டாள்; விசாரித்ததில் அக்கா வீடும் பூட்டியாயிற்று என்று தெரியவந்தது. வண்டி பூட்டினார்கள்.

வடமுனையில் பவுல்சாமி தடையை ஒதுக்கிவிட்டான். அவனும் அவளும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள். வண்டி பாலத்தில் ஏறியதும் மர்சலின் குழந்தையை மடியில் கிடத்தி, இரண்டு உள்ளங்கையாலும் அதன் காதுகளைப் பொத்திக்கொண்டாள். முதல் தார்ப்பாய் போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது போன பிறகும் கையை எடுக்கவில்லை. குழந்தை கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அல்போன்ஸ் திரும்பிப் பார்த்துவிட்டு, எதற்கு அப்படிப் பொத்துகிறாய் என்று கேட்டார்.

“காத்தடிக்குது மாமா” என்றாள்.

ஆற்றில் ஒரு சிற்றலைகூட இல்லை. பங்குனி வெயிலில் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தார், மருமகளின் கையைப் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்காமல் மாட்டைத் தட்டி ஓட்டினார்.